அத்தை பெயரில் வந்த கோடு

பட்டையில் இரண்டாவது கோடு சிவப்பாக ஏறியபோது, டப்பாவின் மேல் இருந்தது அத்தையின் பெயர். திண்டிவனம் பக்கத்தில் எங்கள் ஊரிலேயே முகாம். நான் லேப் டெக்னீஷியன். குடல் புற்றுநோய் இருந்தால் மலத்தில் கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசியும். அதைக் காட்டும் மலிவான பட்டை அது. ஒரு கோடு என்றால் பயமில்லை. இரண்டு என்றால் விழுப்புரம் போய்க் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும். மலம் எடுத்து வைக்க முதல் நாள் வீடு வீடாக டப்பா கொடுத்தவனும் நான்தான். மாமா மட்டும் வாங்கவில்லை. "எனக்கு இன்னாடா கேடு? கல்லு மாதிரி கீறேன், போடா" என்று துரத்திவிட்டார்.

அத்தையைவிட மாமாதான் ஆடிப்போனார். ஆஸ்பத்திரிக்கு அவள் பையைத் தூக்கிக்கொண்டு நடந்ததும், மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு வேண்டிக்கொண்டதும் அவர்தான். குடல் சுத்தமாக இருந்தது. பட்டை சில சமயம் தப்பாகக் காட்டும் என்றார் டாக்டர். அடுத்த அமாவாசைக்கு மாமா மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். வீடே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன், மடையன்.

சில மாதம் கழித்து, நிலத்தில் மல்லாட்டைச் செடி பிடுங்கும்போது மாமா மயங்கி விழுந்தார். உடம்பில் ரத்தமே இல்லை என்றார்கள். அன்றைக்குத்தான் அத்தை என்னை ஆஸ்பத்திரி மாடிப்படி ஓரம் இழுத்துப்போய்ச் சொன்னாள். "டேய், அந்த டப்பால இருந்தது என்னுது இல்லடா. எனக்கு அன்னிக்குக் காலைல வரவேயில்ல. நீ வந்து வாசல்ல நிப்பியே, வெறும் டப்பாவ எப்படிக் குடுக்கறதுன்னு, உங்க மாமா கொல்லைல போனதுல கொஞ்சம் எடுத்து வச்சிட்டேன். அவருக்குத்தான் ஒண்ணும் இல்லியேன்னு நெனச்சேன். அப்புறம் டாக்டரே பட்டை தப்புன்னதும், அப்பாடான்னு இருந்துட்டேன்டா."

எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. அவள் மேல் பாதி, என் மேல் பாதி. டப்பாவைக் கையில் வாங்கும்போது "உன்னுதுதானே?" என்று ஒரு வார்த்தை கேட்டேனா? இப்போதெல்லாம் முகாமில் எல்லோரையும் கேட்கிறேன். சிலர் முறைக்கிறார்கள். முறைக்கட்டும்.

மாமாவின் குடலில் இருந்த புற்று ஈரல்வரை போய்விட்டிருந்தது. அத்தை தன் வாயாலேயே மாமாவிடம் சொல்லிவிட்டாள். மறுநாள் அவர் என்னைக் கிட்டே கூப்பிட்டார். "வெளிய சொல்லிக்கினு திரியாத. ஊர்ல அவள நாறடிச்சிடுவானுங்க. குடுத்த டப்பாவ வாங்காதவன் நான்தான?" என்றார். இன்றைக்கு அத்தையும் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

மாமாவின் சாவுக்கு ஊரே கூடியது. "என் பேருல வந்தத நீ எடுத்துக்கினு போயிட்டியே, ராசா" என்று அத்தை மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். புருஷன் மேல் எத்தனை உசுரு பாரு என்று சுற்றியிருந்த பெண்களும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் பந்தலை விட்டு வெளியே போய் நின்றேன்.