நன்றி சொன்ன செடிகள்

ஜெத்ரோ மாமா என் அம்மாவுக்கு நேர் மூத்தவர். நாற்பது தாண்டி அவர் கல்யாணம் செய்துகொள்வார் என்று குடும்பத்தில் ஒருவரும் நினைக்கவில்லை. ஹெரிஃபோர்ட் பக்கம் ஆப்பிள் தோப்பில் வேலை. பேச்சு என்றால் மரத்தோடு கொஞ்சம், நாயோடு கொஞ்சம், அவ்வளவுதான். பல்வலிக்கு வைத்தியம் பார்க்க பர்மிங்ஹாமுக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கியவர், தெருமுனை ரொட்டிக்கடைக்குப் பன் வாங்கப் போனார். மறுநாளும் போனார். பல்லைப் பிடுங்கி வாய் வீங்கிக் கிடந்தபோதும் போனார். கடைசியில் கல்லாவுக்குப் பின்னால் நின்ற மேபலைக் கல்யாணம் பண்ணி ஊருக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

மேபல் அத்தை பதினான்கு வயதிலிருந்து கடையில் நின்றவள். ஒரு பன் வாங்கினாலும் நன்றி, சில்லறை கொடுத்தாலும் நன்றி, ஒன்றும் வாங்காமல் கதவை மூடிவிட்டுப் போனாலும் முதுகுக்கு ஒரு நன்றி. மூச்சு விடுவது போல அந்தச் சொல் அவளுக்கு.

அதுதான் வினையாகப் போயிற்று.

எங்கள் அம்மா ஊரில் புதுப்பெண் வந்தால் பக்கத்து வீட்டுப் பெண்கள் ஆளுக்கொரு செடியைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வருவார்கள். வாங்கிக்கொண்டு, "மழை வருமா?" என்று கேட்கலாம், "கோழி முட்டை வைக்குதா?" என்று கேட்கலாம். நன்றி மட்டும் சொல்லக் கூடாது. சொன்னால் செடி வேர் பிடிக்காது. இது அங்கே குழந்தைக்கும் தெரியும். அத்தை என்ன செய்தாள்? லாவெண்டருக்கு ஒரு நன்றி, சீமைத்துத்திக்கு ஒரு நன்றி. எதிர்வீட்டுக் குவாட்கின் அம்மாள் தன் தாயார் வழியில் வந்த வெள்ளைக் கிராம்புப்பூச் செடியைக் கொண்டுவந்தபோது, கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு தரம் நன்றி சொல்லி வாசல் வரைக்கும் கூட வந்து மூன்றாவது தரமும் சொல்லிவிட்டாள். அந்த வருஷம் மழையும் இல்லை. அத்தனை செடியும் கருகிப் போயிற்று. அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு ஒருத்தியும் ஒரு விதைகூடக் கொண்டுவரவில்லை.

நாங்கள் அடுத்த கோடையில் போனோம், அம்மாவும் நானும். ரயிலை விட்டு இறங்கிச் சந்துப்பாதையில் நடந்தால் ஒவ்வொரு வீடும் பூவுக்குள் மூழ்கிக் கிடக்கும். ரோஜா கூரைமேல் ஏறியிருக்கும், தேனீக்கள் முனகிக்கொண்டே இருக்கும், அந்த முனகலில் நடக்கும்போதே கண் சொக்கும். தூரத்தில் யாரோ வைக்கோல் புரட்டுவார்கள். அந்த வாசனை வெயிலோடு கலந்து வந்து, இது இன்றைக்கா, போன வருஷமா என்று தெரியாமல் செய்துவிடும். அப்படியே மிதந்துகொண்டு வந்தால் மாமா வீடு. முன்பக்கம் வெறும் மண். கோழி கிளறிக்கொண்டிருந்தது.

ஆனால் கதவைத் திறந்தால் வேறு உலகம். இரும்பு அடுப்புக்குள் அத்தை ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துப் பார்ப்பாள். காகிதம் தேன் நிறத்துக்கு வந்தால் கேக் உள்ளே போகும். சீமைச் சோம்பு போட்ட கேக், சீமை நெல்லிக்காய் வைத்துச் சுட்ட பை. யுத்தகாலச் சர்க்கரை ரேஷன் நின்று ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்த வாசனைக்கே நான் வாயைத் திறந்துகொண்டு நிற்பேன்.

அன்றைக்கு நெல்லிக்காய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டே அத்தை அம்மாவிடம் சொன்னாள்: "லெட்டி, நான் திரும்பி வந்துடலாம்னு இருக்கேன். கடையில கேட்டுட்டேன். இலை உதிர்ற காலத்துக்குள்ள வந்தா பழைய வேலை குடுப்பாங்களாம்."

"அண்ணன்?"

"அவரு வரமாட்டாரு. மரத்தை விட்டு எங்க வருவாரு?"

அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். "என்ன அண்ணி நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல. அதான் விஷயமே. என் கேக்கை எல்லாரும் திங்கறாங்க. சிரிக்கறாங்க. ஊர்ல ஒருத்தி வீட்டுச் செடி இன்னொருத்தி வீட்டுல இருக்கு. என் வாசல்ல மட்டும் மண்ணு. அன்னிக்குக் குடுத்தாங்க, அத்தனையும் செத்துப்போச்சு. என்னை இந்த ஊருக்குப் பிடிக்கல, லெட்டி."

"குடுத்தப்ப என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்லுவேன்? நன்றின்னுதான்."

அம்மா சிரித்த சிரிப்பில் நெல்லிக்காய்ச் சட்டி கவிழ்ந்தது. பிறகு அத்தையின் முகத்தைப் பார்த்துவிட்டு, உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஒருத்தராவது சொல்லக் கூடாதா? உங்கண்ணனாவது?"

"அவர் உங்ககிட்ட 'கல்யாணம் பண்ணிக்கலாமா'ன்னு கேட்டதே எனக்கு ஆச்சரியம்."

"கேட்கல. நான்தான் கேட்டேன்" என்றாள் அத்தை, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "சரி, இனிமே வாயைத் திறக்கல. யாராவது குடுப்பாங்களா?"

அம்மா இல்லை என்று தலையை ஆட்டினாள். கை ராசி கெட்டவள் என்று ஒருதரம் பேர் வாங்கினால் யாரும் தர மாட்டார்கள். கேட்டு வாங்கினாலும் பலிக்காது. "ஒரே வழிதான் இருக்கு, அண்ணி. திருடின செடி எந்தக் கையிலயும் பிடிக்கும்."

"திருடவா? கடையில ஒரு திராட்சையை எடுத்து வாயில போட்டதில்ல நான்!"

"தெரியும். அதான் இன்னும் இந்த ஊர்க்காரி ஆகல."

மறுநாள் மத்தியானம் கேக் டப்பாவை எடுத்துக்கொண்டு மூவரும் குவாட்கின் அம்மாள் வீட்டுக்குத் தேநீருக்குப் போனோம். தோட்டத்திலேயே மேஜை போட்டிருந்தது. கிராம்புப்பூ சீசன் முடிகிற சமயம். வெள்ளைப் பூ வழிந்து பாதையை மூடியிருந்தது. காற்று அசையவில்லை. பேசினாலே வெயில் கலைந்துவிடும் போலிருந்தது.

"போன தடவை கேக்கு கொஞ்சம் வறண்டிருந்துச்சு" என்றாள் குவாட்கின் அம்மாள், மூன்றாவது துண்டை எடுத்துக்கொண்டே. "பட்டணத்து அடுப்புக்குப் பழகின கை உனக்கு."

அத்தையின் கண் பாதை ஓரத்திலேயே இருந்தது. குவாட்கின் அம்மாள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மெல்ல எழுந்தாள்.

"கெட்டிலுக்குத் தண்ணி பிடிக்கணும். எனக்கு முட்டி வலி, நேரமாகும். அடுப்படி ஜன்னல் அந்தப் பக்கம் பார்த்திருக்கு. இங்க என்ன நடந்தாலும் எனக்குத் தெரியாது."

உள்ளே போய்ச் சத்தமாகக் கோயில் பாட்டு ஒன்று பாட ஆரம்பித்தாள். ஒரு சரணம் முடிந்தது. அத்தை அசையவில்லை. மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, சிவந்துபோய் உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது சரணம் முடிந்தது. உள்ளே குரல் கொஞ்சம் களைத்தது. ஆனாலும் மூன்றாவதைத் தொடங்கியது.

"அண்ணி, அந்தப் பாட்டுக்கு அஞ்சு சரணம்தான்" என்றாள் அம்மா.

அத்தை எழுந்தாள். குனிந்தாள். நுனியைப் பிடித்து மெல்ல இழுத்தால் கணுவோடு கழன்று வரும் செடி அது. ஒன்று வந்தது. இன்னொன்று. பிறகு அந்தக் கைக்கு என்ன வந்ததோ, பன்னைப் பையில் போடும் வேகத்தில் பறித்துக் கேக் டப்பாவுக்குள் போட்டு மூடியைச் சாத்தினாள்.

குவாட்கின் அம்மாள் வெறுங்கையோடு வந்தாள். கெட்டிலைக் காணோம். "இன்னொரு துண்டு கேக்கு இருக்கா?"

"காலி" என்றாள் அம்மா.

"காலி டப்பாவையா கைக்குழந்தை மாதிரி கட்டிக்கிட்டு உட்காந்திருக்கா?"

அத்தை டப்பாவை இன்னும் இறுக்கிக்கொண்டாள். குவாட்கின் அம்மாள் வேறு எங்கோ பார்த்தபடி வாயைத் துடைத்துக்கொண்டாள். விடைபெறும்போது தேநீருக்குக்கூட அத்தை நன்றி சொல்லவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள்.

"இன்னிக்குத்தான் மரியாதை தெரிஞ்சவளா கிளம்பறே" என்றாள் குவாட்கின் அம்மாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் எல்லாப் பெண்களும் நிற்கும்போது அவள் குரலை உயர்த்தினாள். "இந்த ஊர்ல திருட்டு பெருகிப்போச்சு. என் அம்மா வழிப் பூவை எவளோ அடியோட மொட்டையடிச்சுட்டா!"

அத்தனை தலையும் அத்தையின் பக்கம் திரும்பியது. அவள் கையுறையைச் சரிசெய்துகொண்டு, "கோழி தின்னிருக்கும், அம்மா" என்றாள்.

"என்கிட்டக் கோழியே இல்லையே!"

"எங்க வீட்டுக் கோழியா இருக்கும்."

பெண்கள் சிரித்த சிரிப்பில் கல்லறைத் தோட்டத்துக் காக்கைகள் பறந்துபோயின. ஒருத்தி, செவ்வாய்க்கிழமை தான் சந்தைக்குப் போவதாகவும், தன் தோட்டக் கதவு சரியாகத் தாழ்போடாது என்றும் யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள். இன்னொருத்தி தன் லாவெண்டர் வேலிக்கு வெளியே சாய்ந்து கிடக்கிறது என்று அலுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மாமா கோயில் கோட்டைக்கூடக் கழற்றாமல் மண்வெட்டியோடு முன்பக்கம் போய் நின்றார். கோழிகள் விலகின. அத்தை வாசற்படியில் உட்கார்ந்து வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு அகலம் வெட்டட்டும்?" என்றார். அன்று முழுக்க அவர் பேசியது அவ்வளவுதான்.

அத்தை கண்ணைச் சுருக்கிக்கொண்டு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை அளந்து பார்த்தாள். தேனீ ஒன்று அந்த வெறும் மண்மேல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போயிற்று.

"வாசல் கேட்டு வரைக்கும்" என்றாள்.