தாய்மாமன் வாங்கி வந்த நீச்சல் டயப்பர்

எங்கள் அண்ணன் சிலம்பரசனுக்கு யாரிடமும் எதையும் கேட்கத் தெரியாது. வழி கேட்க மாட்டான், விலாசம் கேட்க மாட்டான். ஒருமுறை சிதம்பரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனவன், முதலில் கண்ணில் பட்ட மண்டபத்துக்குள் நுழைந்து, பந்தியில் உட்கார்ந்து, பாயசம் வரை சாப்பிட்டுவிட்டு வந்தான். "மாப்பிள்ளை ஆளே மாறிட்டாரு" என்று வீட்டில் வந்து சொன்னான்! குடிகாட்டுப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வெல்டர். வேலையில் கெட்டிக்காரன் என்பார்கள். வாயைத் திறந்தால்தானே மற்றது தெரியும்.

அப்பா அம்மா போன பிறகு கடலூரில், செம்மண்டலத்து வீட்டில் நாங்கள் இரண்டே பேர். என்னை எம்.காம். வரை படிக்க வைத்தவன் அவன்தான். அப்படிப்பட்டவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நான் சேரனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டேன். சேரன் எங்கள் சாதி இல்லை. சொன்னால் விடமாட்டான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்துதான் போன் செய்தேன். "சரி" என்று வைத்துவிட்டான். அப்புறம் இரண்டு வருடம் பேச்சே இல்லை.

பாப்பாவுக்குப் பதினோராம் மாதம் காது குத்த நாள் பார்த்தோம். தாய்மாமன் மடியில் வைத்துத்தானே குத்த வேண்டும்? ஒன்றுவிட்ட மாமன் யாராவது உட்காரட்டும் என்றார்கள் சேரன் வீட்டில். எனக்கு வந்ததே கோபம். "எங்கண்ணன் மடி இல்லன்னா காதும் வேணாம், கம்மலும் வேணாம்" என்று கத்திவிட்டேன். செம்மண்டலம் போய் வாசலில் நின்று பத்திரிகை கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பாவி!

வந்தான். சிதம்பரத்தில் நாங்கள் இருக்கும் வாடகை வீட்டுக்குக் காலை ஒன்பது மணிக்கெல்லாம் புதுப் பட்டு வேட்டியில் வந்து நின்றான். கையில் சீர்த்தட்டு. தோடு, பட்டுப் பாவாடை, பூ, பழம். நடுவில் மீன் படம் போட்ட நீல நிற டயப்பர் பாக்கெட் ஒன்று.

அதை வாங்கிய கதையை இப்போது அவனே சொல்லிச் சிரிக்கிறான். கடலூரில் ஒரு கடை, அலமாரி முழுக்க டயப்பர். என்ன வேண்டும் என்று கடைப்பெண் கேட்டதற்கு "பாக்கறேன்" என்றிருக்கிறான். அரைமணி நேரம் பார்த்திருக்கிறான். ஒவ்வொரு பாக்கெட்டிலும் இத்தனை கிலோ குழந்தைக்கு என்று போட்டிருந்தது. மருமகள் எடை இவனுக்கு எப்படித் தெரியும்? எனக்கு ஒரு போன் போட்டால் குறைந்தா போய்விடும்? ஸ்டேட்டஸில் நான் வைத்த பாப்பா படங்களை, நான் அறியாமல், ஒன்று விடாமல் எடுத்து வைத்திருக்கிறான். அதையெல்லாம் பெரிதாக்கிப் பார்த்து, தொடையை வைத்து அளவைத் தீர்மானித்திருக்கிறான்.

சாதா டயப்பர் பத்து விதம் இருந்தது. இது ஒன்றில்தான் குழந்தை தண்ணீரில் இறங்குவது போல் படம். விலையும் ஜாஸ்தி. கடல் தண்ணீரையே தாங்குவது மூத்திரத்தைத் தாங்காதா என்று நினைத்து எடுத்துவிட்டான்.

சேரன் மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்ப்பவர். பாக்கெட்டைப் பார்த்ததும் என்னைச் சமையலறைக்குள் இழுத்தார். அவர் அக்கா அங்கே காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பிரியா, இது நீச்சல் டயப்பர். மூத்திரம் நிக்காது. தண்ணிய குடிச்சி உப்பிடும்னு உள்ள பஞ்சே வைக்க மாட்டாங்க. கெட்டியா போனாதான் தடுக்கும்."

"ஐயய்யோ! போயி சொல்லுங்க."

"நானா? ரெண்டு வருஷம் கழிச்சி வந்துருக்காரு. மொத வார்த்தையே, நீங்க வாங்கினது தப்புன்னா சொல்லச் சொல்ற? நீ போயி சொல்லு."

போனேன். அண்ணன் தரையில் உட்கார்ந்து அதைப் பாப்பாவுக்குத் தன் கையாலேயே மாட்டி முடித்திருந்தான். அளவெடுத்துத் தைத்தது போல் தொடையில் கச்சிதமாகப் பிடித்திருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! "நல்லாருக்குண்ணா" என்று சொல்லிவிட்டேன். மடியிலாவது ஒரு துண்டு விரிக்கலாம் என்று கொண்டுபோனேன். "அதான் மாட்டியிருக்கே" என்று தள்ளிவிட்டான்.

பத்தர் சுப்பராயலு ஊசியை எடுத்தார். வலது காதில் ஏறியதும் பாப்பா வீறிட்டாள். வீறிட்ட வேகத்தில் ஒன்றுக்குப் போய்விட்டாள். பட்டு வேட்டி தொப்பலாகி, தரைவரை ஓடியது. ஆளாளுக்குத் துணி தேடினார்கள். சேரனின் அக்கா மட்டும் சும்மா இருக்காமல், "அப்பவே சேரன் சொன்னான், இது கொளத்துல போடறதுன்னு" என்று போட்டுடைத்தாள்.

அண்ணன் எழுந்து போய்விடுவான், இனி இந்த ஜென்மத்துக்கு வரமாட்டான் என்று நினைத்தேன்.

அவன் அசையவில்லை. "இன்னொரு காது இருக்குதுல்ல பத்தரே, குத்துங்க" என்றான். அதுவும் முடிந்தது. குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே சேரனைப் பார்த்தான்.

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் மச்சான். சொன்னா கோவிச்சிக்கிட்டுப் போயிடுவீங்களோன்னு..."

என் பக்கம் திரும்பினான். "ஒனக்கும் தெரியும்."

தலையை ஆட்டினேன்.

"அன்னிக்கும் எங்கிட்ட மட்டும் சொல்லல. இன்னிக்கும் எங்கிட்ட மட்டும் சொல்லல. நான் என்னாடி, ஒங்கள கடிச்சா முழுங்கிடப் போறேன்?" குரலை உயர்த்தவே இல்லை. "சொல்லியிருந்தா சாட்சிக் கையெழுத்து நானே வந்து போட்டிருப்பேன்."

இரண்டு வருடமாக அவனுக்குச் சேரனைப் பிடிக்கவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பாப்பாவைவிடச் சத்தமாக அழுதேன். "தப்புதாண்ணா" என்பதைக்கூட ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை.

"அழுது முடிச்சிட்டு எலைய போடு, பசிக்குது" என்றான். பிறகு சேரனிடம், "மாப்ள, ஒங்க வேட்டி ஒண்ணு குடுங்க" என்று கேட்டான்.