கணிதப் பிள்ளைகளுக்காக வாசல் ஏறியவர்

பரீட்சை விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது மூதூரிலிருந்து, என்னோடு கற்பித்த பரீதாவின் தம்பி அழைத்தார். "சேர், ராத்தா மௌத்தாகிட்டா. அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்," என்றார். நீண்ட நாள் நோய் என்பது பரீதாவை அறிந்த எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பேனையை மூடி வைத்துவிட்டேன். அன்று அழுகை வரவில்லை, பெருங்களைப்புத்தான் வந்தது.

எங்கள் கணிதத் துறையில் பரீதாவும் நானும் ஒரே அறையில் இருந்த விரிவுரையாளர்கள். பட்டம் முடித்த பிள்ளைகள் ஆசிரியர் நியமனத்தை எதிர்பார்த்து வருடக்கணக்கில் வீட்டிலிருப்பதை அவரால் தாங்க முடியவில்லை. துறைமுகத்தைச் சுற்றியுள்ள ஆலைகளுக்கும் களஞ்சியங்களுக்கும் வெயிலில் அலைந்து, இறுதியாண்டு மாணவர்களைத் தொழிற்பயிற்சிக்கு எடுக்கும்படி கேட்டார். எங்கு போனாலும் கணக்காளர் வேலைக்கா என்று கேட்டார்களாம். திரும்பி வந்து கதிரையில் சாய்ந்து, "கணிதம் வேற, கணக்கியல் வேற எண்டு சொல்லியே நாக்கு வறண்டுபோச்சு சேர்," என்பார்.

கடைசியில் ஒரு சரக்குக் களஞ்சியம் ஒரேயொரு இடம் தந்தது. கட்டைபறிச்சான் ஊரைச் சேர்ந்த மாணவி தர்ஷினியை அதற்குத் தயார்ப்படுத்தினார். அவள் கரும்பலகையில் எழுதிய தீர்வை அழித்துவிட்டு, "இப்ப குறியீடு ஒண்டும் இல்லாமச் சொல்லுங்க பிள்ள. முகாமையாளருக்குக் கேட்க நேரம் இராது," என்றார். அவள் திணறித் திணறிச் சொல்லப் பழகும்வரை விடவில்லை.

சில வாரங்களின் பின் பரீதா களஞ்சியத்துக்குப் பார்க்கப் போனபோது, தர்ஷினி போட்டோப்பிரதி எடுத்துக்கொண்டும் வருபவர்களுக்குத் தேநீர் கொடுத்துக்கொண்டும் இருந்தாள். அவளைத் தனியே அழைத்து, வந்துவிடும்படி சொன்னார். அவளோ பயந்தாள்.

"இடம் போயிடுமே மிஸ்?"

"போகட்டும். நான் வேற தேடுறன்."

கிடைத்த ஒரே கதவையும் சாத்திவிட்டதாகத் துறைக் கூட்டத்தில் எல்லோரும் கோபித்தோம். அதன்பிறகு நெடுநாள் எவரும் எங்கள் பிள்ளைகளை எடுக்கவில்லை. தர்ஷினி வீட்டிலிருந்தாள். பரீதாவுக்கு நோய் கண்டுபிடிக்கப்பட்டதும் அக்காலத்தில்தான். சிகிச்சைக்கு ஒரு கிழமை, வாசல்களுக்கு ஒரு கிழமை என்று அலைந்தார். "ஏலாமக் கிடக்கு சேர்," என்று ஒருமுறை மட்டும் சொன்னார். மறுநாள் தம்பலகாமம் போய்விட்டார்.

அங்கேயுள்ள அரிசி ஆலைக்காரர்தான் தர்ஷினியை எடுத்தார். அறுவடைக் காலத்தில் எந்த லொறி எந்த வயலுக்கு எப்போது போகவேண்டும் என்று திட்டமிடுவது அவள் வேலை. இன்றும் அங்கேதான் இருக்கிறாள். இந்த வருடம் தனக்கு உதவியாக எங்கள் துறையிலிருந்தே ஒருத்தியைக் கேட்டு எடுத்திருக்கிறாள். மற்ற வாசல்கள் பெரும்பாலும் முன்புபோலத்தான்.

இப்போது அந்த அலைச்சல் என்னிடம் வந்திருக்கிறது. எனக்கு அவருடைய பொறுமை இல்லை, கால்களும் வலிக்கின்றன. சென்ற வாரம் ஒரு முகாமையாளர் மாணவர் ஒருவரை எடுக்கச் சம்மதித்துக் கையை நீட்டினார். கை கொடுக்குமுன், "எங்கட பிள்ளைக்கு என்ன வேலை குடுப்பீங்கள்?" என்று கேட்டேன். அந்தக் கேள்வி பரீதாவுடையது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.