பௌர்ணமியன்று பார்த்த நிலம்

சென்ற பௌர்ணமியன்று எனக்கு அடி அண்ணாமலையில் கிரிவலப் பணி போட்டிருந்தார்கள். மாலை நான்கு மணிக்கே பாதை நிறைந்துவிட்டது. பௌர்ணமிதோறும் கார்கள் நிற்கும் விவசாயி ஏழுமலையின் நிலத்தில் அன்று ஒரு வண்டி கூட நிற்கவில்லை. குறுக்கே கயிறு கட்டியிருந்தார்கள். வந்த கார்கள் எல்லாம் முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போயின. போலீஸ் ஏதாவது தடை போட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்போதுதான் கைப்பேசி அடித்தது. எங்கள் அலுவலக ஓட்டுநர் செல்வம்.

"சார், நம்ம ஹமீதா மேடம் போயிட்டாங்க சார். காலையில நெஞ்சு வலிக்குதுன்னாங்களாம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு. பொழுது சாயறதுக்குள்ள அடக்கம் பண்றாங்க."

பணியை ஒப்படைத்துவிட்டுப் போகலாம் என்றால் மாற்று ஆள் இல்லை. ஊருக்குள் வண்டி விடவும் மாட்டார்கள். லட்சம் பேர் நடந்து போகிற பாதையில், ஒரு கல் தொலைவில் இருந்த வீட்டுக்கு என்னால் போக முடியவில்லை. கடைசியாக அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

ஹமீதா பேகத்தை அறிந்த ஊர்க்காரர்களாகிய உங்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. வேங்கிக்காலில் எங்கள் வேளாண்மை அலுவலகத்தில் அவர் கள அலுவலர். நான் கணக்குப் பிரிவு. அவர் விவசாயிகளுக்காகப் பணம் கேட்பவர், அவர் கேட்டதில் வெட்டுபவன் நான். பன்னிரண்டு வருடங்கள் சண்டை போட்டோம். சண்டைக்கு வரும்போதே கைப்பையில் அவித்த வேர்க்கடலை, நம் ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, கொண்டுவருவார். என் மேசையில் கொட்டிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார். எங்கள் பழைய கோப்புகளைப் பிரித்தால் இன்றும் மல்லாட்டைத் தோல் உதிரும்.

மானியச் சீர்திருத்தம் வந்தபோது அவர் எதிர்ப்பார் என்று எல்லோரும் நினைத்தோம். விதைக்கும் உரத்துக்கும் அரசு தரும் மானியத்தில் தகுதியில்லாத பெயர்களை நீக்க வேண்டும், அதில் மிச்சமாகும் பணம் வேறு செலவுகளுக்கு உதவும் என்பது உத்தரவு. அவர் முதலில் கொண்டுவந்து கொடுத்த பெயர் அவருடைய சொந்த அண்ணனுடையது. அண்ணன் நிலத்தில் லாட்ஜ் கட்டி மூன்று வருடம் ஆகியிருந்தது. விதை மானியம் மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

"வீட்டுல பிரச்சனை வராதா மேடம்?" என்று கேட்டேன்.

"வந்துடுச்சு சார். பேசறதில்ல. அதுக்கு இன்னா பண்றது? தகுதி இல்லாதவன் கையில போறது, தகுதி இருக்கறவன் கையிலேர்ந்து எடுக்கறதுதானே?"

அந்த ரம்ஜானுக்கு அண்ணன் வீட்டிலிருந்து அவருக்கு அழைப்பு வரவில்லை. அதை அவர் என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கண் சிரிக்கவில்லை.

அடுத்து வருவது என் தப்பு. மறைக்கப் போவதில்லை.

பெயர்களை நீக்கும் முன் நிலத்தை நேரில் பார்க்க வேண்டும் என்பது விதி. எனக்கு அந்த மாதமும் அடி அண்ணாமலையில் பௌர்ணமிப் பணி. போகிற வழிதானே, இரண்டு வேலையையும் ஒன்றாக முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். நம் ஊரில் பௌர்ணமியன்று கிரிவலப் பாதையோரத்து வயல்கள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அறுவடை முடிந்த நிலமெல்லாம் அன்று ஒரு நாள் வண்டி நிறுத்துமிடம். நான் பார்த்த பதினொரு நிலங்களிலும் கார்கள். படம் எடுத்தேன். "சாகுபடி இல்லை, வாகன நிறுத்தம்" என்று எழுதி, பதினொரு பெயரையும் அடித்து மேலே அனுப்பினேன். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன் நான். எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. எவ்வளவு மிச்சம் பிடித்தேன் என்பதுதான் மண்டையில் இருந்தது. மாவட்டத்திலேயே நன்றாகச் செலவைக் குறைத்த அலுவலகம் என்று பாராட்டும் வந்தது.

பாராட்டு வந்து ஒரு வாரம் கழித்து ஹமீதா வந்தார். அன்று மல்லாட்டை இல்லை. உட்காரவும் இல்லை.

"சார், கெளம்புங்க. வண்டி வெளிய நிக்குது."

"எங்கே மேடம்?"

"நீங்க அடிச்ச நெலத்துக்கு."

அவருடைய ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து போனேன். இடையில் இரண்டு மழை பெய்திருந்தது. ஏழுமலையின் நிலத்தில் டயர் தடத்தின் மேலேயே ஏர் ஓட்டி மல்லாட்டை விதைத்திருந்தார்கள். இரண்டு இலை விட்டு வரிசை வரிசையாக நின்றது. ஏழுமலை எங்களைப் பார்த்ததும் தலைத்துண்டை எடுத்தார்.

"ஒரு நாள் வண்டி வுட்டேன் சார். அந்தத் துட்டுலதான் ஏர் ஓட்டினேன். வெதையக் கடன்ல வாங்கிப் போட்டேன். ஒரம் வாங்கப் போனா ஒம் பேரு இல்லன்றாங்க. நான் விவசாயி இல்லையாம். அப்ப நான் யாரு சார்?"

ஹமீதா என்னை ஸ்கூட்டரில் திருப்பி அழைத்துவந்தார். அலுவலக வாசலில் இறங்கும்போதுதான் சொன்னார்: "ஒரு பேரை அடிக்கறது ஒரு கோடு சார். அதுக்கு முன்னால நெசமாலுமே போய்ப் பாக்கணும். போற வழியில பாக்கறது பாக்கறதே இல்ல."

மறுநாள் என் அறிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று எழுதினேன். பாராட்டு வந்த பிறகு மிச்சம் குறைகிறது என்றால் மேலே யாருக்குப் பிடிக்கும்? என் பதவி உயர்வும் அந்த மாதம்தான் வரவேண்டியிருந்தது. கூட்டத்தில் மேலதிகாரி என்னை எழுப்பி நிற்க வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தபோது, ஹமீதா தானாக எழுந்தார். எந்த நிலத்தில் என்ன விதைத்தார்கள் என்று காட்டும் விதைப்புப் பதிவேட்டைத் தன் பிரிவு நேரத்துக்குக் கொடுக்கவில்லை, தப்பில் தனக்கும் பங்கு உண்டு என்றார். அது பொய். பதிவேடு என் அலமாரியில்தான் இருந்தது. பிறகு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டபோது, "ரெண்டு பேரு மேல விழுந்தா கம்மியா வலிக்கும் சார்" என்றார்.

அதே கூட்டத்தில் உட்காரும் முன் ஒன்று கேட்டார். "ஞாயமா அடிச்சதுல மிச்சமான பணம் எங்க போவுது சார்? அடி அண்ணாமலை ஏரி மதகு ஒடஞ்சு கெடக்குது. அதுக்கு வருமா?" பொதுக் கணக்கில் சேர்ந்துவிடும் என்று பதில் வந்தது. "அது கடலாச்சே. கடல்ல ஊத்திட்டு இது எங்க ஊர்த் தண்ணின்னு கேக்க முடியுமா?" என்றார். கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் மதிப்பீடு தயாரிக்கும்போது, மானியத்தில் குறையும் தொகைக்கு எதிரில் மதகையும் எழுத வைத்தார். நான்காவது வருடம் மதகுக்குப் பணம் வந்தது. அந்தக் கூட்டம் முடிந்ததுமே பதினொரு பெயர்களும் பட்டியலுக்குத் திரும்பியிருந்தன. என் பதவி உயர்வு ஒரு வருடம் தள்ளிப் போயிற்று. இன்று நினைத்தால் ஒரு வருடம் ஒன்றுமே இல்லை.

அவர் போன அடுத்த வாரம் சம்பளப் பட்டியல் என் மேசைக்கு வந்தது. அதில் அவர் பெயரை நான் அடிக்க வேண்டும். பேனாவை எடுத்தேன், மூடி வைத்தேன். மூன்று நாள் அப்படியே கிடந்தது. நான்காம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன்.

அவர் கணவர் அன்வர் பாய் தையல் கடை வைத்திருப்பவர். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்க சார். வீட்ல உங்களத் திட்டாத நாளே இல்ல. திட்டிட்டு, ஆனா சொன்னா கேப்பாருன்னு சொல்லுவா." வரமுடியாமல் போனதற்கு மன்னிப்புக் கேட்டேன். "பௌர்ணமி டூட்டின்னு தெரியும் சார். அடி அண்ணாமலைலேர்ந்து மட்டும் பதினோரு பேரு வந்துட்டாங்க. மத்தியானமே நெலத்துக்குக் குறுக்க கயிறு கட்டிட்டு நடந்தே வந்தாங்களாம். அடக்கம் பண்ற கபரஸ்தான் வாசல்ல கடைசி வரைக்கும் நின்னாங்க. ஏழுமலைன்னு ஒருத்தரு, பாவம், அழுதுட்டாரு."

மாதத்தில் அவர்களுக்கு வருமானம் வரும் ஒரே நாள் அது. கயிற்றை நான் பார்த்தேன். பணியில் நின்றபடி, போகிற வழியில் பார்ப்பது போலவே மறுபடியும் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டில் உட்கார்ந்து, வெட்கமில்லாமல் அழுதேன்.

ஹமீதா எனக்கு விட்டுப்போனது ஒரே ஒரு பழக்கம்தான்: பெயரை அடிக்கும் முன் நேரில் போய்ப் பார்ப்பது. மறுநாள் காலை பட்டியலை எடுத்தேன். போய்ப் பார்த்துவிட்டேன் மேடம். அதன் பிறகுதான் அடித்தேன்.