கோல்ஃப் பந்து சுற்றிய இயந்திரம்

கோல்ஃப் ஆட்டத்தை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். ஒரு துரை பந்தை அடித்தார். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து அதைத் தேடினார்கள். ஆட்டத்தில் பெரும்பகுதி தேடுவதுதான் என்று புரிந்துகொண்டு ஏற்காட்டு மலையிலிருந்து அடுத்த பஸ்ஸில் கீழே இறங்கிவிட்டேன். இவ்வளவு ஞானத்தை வைத்துக்கொண்டு நாலு வருஷம் கோல்ஃப் பந்து வியாபாரம் செய்தவன் சேலம் ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வியாபாரம் வளரவும் செய்தது. அதற்கு நான் செய்த உதவி, நல்ல இங்கிலீஷில் கடிதம் எழுதியது. மற்ற வேலையெல்லாம் என் மனைவி செய்தாள்.

அப்போது சேலத்தில் குகை என்கிற பேட்டையில் குடியிருந்தோம். நான் ஒரு நெசவு நூல் கடையில் இங்கிலீஷ் குமாஸ்தா. யுத்தம் தொடங்கியிருந்தது. யுத்தம் வந்தால் துரைமார் விளையாட்டைக் குறைத்துக்கொள்வார்கள் என்று நான் கணித்தேன். என் கணிப்புகளின் வழக்கப்படி நேர்மாறாக நடந்தது. பட்டாளத்து ஆபீசர்கள் ஓய்வுக்கு மலையேறி வந்து ஆடுகிறவர் கூட்டம் பெருகிற்று. சீமையிலிருந்து பந்து வருவதோ நின்றுபோயிற்று. அந்தச் சமயத்தில்தான் மலைப் பஸ் கண்டக்டர், கொண்டப்பநாயக்கன்பட்டிக்காரர், பழைய கோல்ஃப் பந்துகள் நிறைந்த ஒரு கோணிப்பையோடு என் வீட்டுக்கு வந்தார்.

"சாமி, துரைமாருக இதை உசுராட்டத் தேடறாங்க. மேலெல்லாம் வெடிச்சுப் போச்சு. பெயிண்ட் கியிண்ட் அடிச்சுக் குடுத்தா வாங்கிக்குவாங்களான்னு எழுதிக் கேளுங்களேன். உங்களுக்குத்தான் இங்கிலீசு வருமே."

ஒரு பந்தை அரிவாள்மனையில் வைத்துப் பிளந்தேன். உள்ளே கஜக்கணக்கில் மெல்லிய ரப்பர் நூல். என் மனைவி சமையலை விட்டு வந்து குனிந்து பார்த்தாள். அவள் ராசிபுரத்து நெசவு வீட்டுப் பெண். விவரம் தெரிந்த நாளிலிருந்து ராட்டையில் நூல் சுற்றியவள்.

"ஏனுங்க, இது சீமையில சுத்துனதுங்களா?"

"ஆமா. ஏன்?"

"சுத்துனவன் பாதியில எந்திரிச்சுப் போயிட்டானாட்ட இருக்குது. இங்க பாருங்க, தொளதொளன்னு கெடக்குது."

இரண்டு நாள் கழித்து அந்த நூலையெல்லாம் பிரித்து, ராட்டையில் ஏற்றி, இடது கையில் பந்தை உருட்டிக்கொண்டே ஒரே இழுப்பில் திரும்பச் சுற்றிவிட்டாள். கொல்லரிடம் இரும்பு அச்சு ஒன்று செய்து வாங்கினேன். பழைய மேலோடுகளை வெந்நீரில் இளக்கி, சுற்றிய பந்தின்மேல் வைத்து அச்சில் அமுக்கி, வெள்ளைப் பெயிண்ட் அடித்தோம். முற்றத்துக் கல்லில் போட்டுப் பார்த்தபோது பந்து கூரை ஓட்டைத் தொட்டுவிட்டு வந்தது.

மாதிரிக்கு அனுப்பிய பந்துகளைப் பார்த்து மலைக் கிளப்பின் காரியதரிசி துரை ஆச்சரியப்பட்டு எழுதினார்: இவ்வளவு இறுக்கமாகச் சுற்றுவது என்ன இயந்திரம்?

அங்கேதான் நான் என் கல்வியைக் காட்டினேன். ஒரு பெண்பிள்ளை அடுப்படியில் உட்கார்ந்து சுற்றிய பந்து என்றால் துரைமார் வாங்கமாட்டார்கள் என்று நானாகவே முடிவு செய்தேன். எங்கள் நெசவு வீடுகளில் சேலை என்றால் அது நெய்தவன் சேலைதான். நூல் சுற்றிக் கொடுத்தவளை யாரும் கேட்பதில்லை. அந்த வழக்கத்தையே இங்கிலீஷில் மொழிபெயர்த்தேன். மான்செஸ்டரில் செய்தது, இரண்டு குதிரைச் சக்தி என்று பதில் போட்டேன். ஊட்டியிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கேட்டு எழுதினார்கள். கடிதத்துக்குக் கடிதம் இயந்திரத்துக்குப் புதுப் புது உறுப்புகள் முளைத்தன. எழுதியதை அவளுக்குத் தமிழில் வாசித்துக் காட்டுவேன். அவள் சிரித்துவிட்டு, "இருங்க, மெசினு வெச்ச ஒலை கொதிச்சிருச்சான்னு பாத்துட்டு வாரேன்" என்று எழுந்து போவாள்.

ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"ஒருக்கா எம்பேரை எழுதுனா என்னங்க?"

"எழுதுனா ஆர்டர் நின்னு போயிரும் புள்ள."

"அப்ப வேண்டாமுங்க."

இவ்வளவுதான் பேச்சு. அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் கடிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நெசவு வீடுகளில் அமாவாசையன்று தறியும் ஓடாது, ராட்டையும் சுற்றாது. முதல் வருஷம் அதன்படிதான் நடந்தோம். பிறகு ஆர்டர்கள் தேங்கின. இயந்திரத்துக்கு ஏது அமாவாசை என்று துரை கேட்டால் என்ன சொல்வது? அவர் கேட்கவில்லை. அவர் சார்பில் நான் கேட்டுக்கொண்டேன். அவள் ராட்டையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு எந்த அமாவாசையும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

நாலாவது வருஷம் மலையில் ஏதோ பந்தயம் வைத்தார்கள். ஐந்து டஜன் பந்து, குறித்த தேதிக்குள். மூன்று டஜன் முடிந்திருந்தபோது அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"உடம்பு சுடுதுங்க."

நான் சாமர்த்தியமாகப் பேசுகிறவன் என்று நண்பர்கள் நடுவே எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயருக்குக் குறை வராமல் சொன்னேன்: "நாலு வருஷமா ஓடற மெசினு, சுடாம என்ன பண்ணும்?"

அவள் சிரித்தாள். நிஜமாகவே சிரித்தாள். மிச்சமிருந்த இரண்டு டஜனையும் சுற்றி முடிக்க மூன்று நாள் ஆயிற்று. கடைசிப் பந்துக்குப் பெயிண்ட் அடித்து நான் காய வைத்துக்கொண்டிருந்தபோது அவளால் எழுந்து நிற்க முடியவில்லை.

டைபாய்டு என்றார் டாக்டர். வேலைக்கும் இந்தக் காய்ச்சலுக்கும் சம்பந்தமில்லை, தண்ணீரால் வருவது என்றார். நல்ல மனிதர். ஆனால் அந்த மூன்று நாளும் படுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்டதற்கு, ஸ்டெதாஸ்கோப்பைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். பதினெட்டாம் நாள் அவள் போய்விட்டாள். ஜன்னியில் அவளுடைய இடது கை மட்டும் எதையோ உருட்டிக்கொண்டே இருந்தது.

காரியம் முடிந்த மறுவாரம் காரியதரிசி துரையின் கடிதம் வந்தது. பந்தயம் சிறப்பாக நடந்ததாம். எல்லோரும் பந்தைப் புகழ்ந்தார்களாம். இன்னும் ஆறு டஜன் வேண்டுமாம். நான் உட்கார்ந்து உண்மையை எழுதினேன். இயந்திரம் எதுவும் இல்லை, என்றுமே இருந்ததில்லை. எல்லாப் பந்துகளையும் சுற்றியது என் மனைவி, அவள் இறந்துவிட்டாள் என்று எழுதி அவள் பெயரையும் எழுதினேன். இங்கிலீஷில் அந்தப் பெயரை நான் எழுதியது அதுதான் முதல் தடவை. எழுத்துக்கூட்டுவதில் சந்தேகம் வந்து இரண்டு முறை அடித்து எழுதினேன்.

பத்தே நாளில் பதில் வந்தது. மனைவியை இழந்ததற்கு கிளப் அங்கத்தினர் அனைவரின் அனுதாபம். பெரும் துக்கத்தில் மனம் கலங்கி எழுதிய கடிதம் என்பதைத் தாம் உணர்வதாகவும், அதற்காக நான் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை என்றும் எழுதியிருந்தார். மனம் தேறிய பிறகு தொழிலை நடத்த விருப்பமில்லையென்றால், அந்த மான்செஸ்டர் இயந்திரத்தை கிளப்பே நல்ல விலைக்கு வாங்கிக்கொள்ளுமாம்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நாலு வருஷமாக நான் எழுதிய இங்கிலீஷ் அவ்வளவு நன்றாக இருந்திருக்கிறது.