கமலநாதனின் பெயர் இருந்த இடத்தில்

கமலநாதன் இறந்துவிட்டார் என்ற செய்தி எங்கள் நிலையத்தின் வட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. "ஈடுசெய்ய முடியாத இழப்பு" என்று முதலில் எழுதியவர் முகாமையாளர். கமலநாதனைக் கணினி மேசையிலிருந்து எழுப்பி ஃபைல் அறையில் உட்காரவைத்த அதே மனிதர். அவரோடு வேலைசெய்த நீங்கள் எல்லாரும் கீழே வரிசையாகக் கும்பிடு போட்டிருந்தீர்கள். நானும் போட்டேன்.

கண்டியில் சனங்களுக்கு இணையத்தில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது எங்கள் வேலை. மடுல்கெல்லயில் பிறந்து கட்டுகஸ்தோட்டையில் குடியிருந்த கமலநாதன் என் பக்கத்து மேசைக்காரர். எந்த பிரவுசரைக் கண்டாலும் மூன்று கேள்வி கேட்பார். "பூட்டு ஒழுங்கா இருக்கா? சட்டுன்னு திறக்குதா? தமிழ் எழுத்து உடையாம நிக்குதா?" எங்களிடம் இருந்த பழைய பிரவுசர் மூன்றிலும் தோற்றது. அதற்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வருவது நின்று எத்தனையோ வருடம். ஊராரின் அடையாள அட்டை இலக்கங்களை அதில்தான் தட்டிக்கொண்டிருந்தோம். "பழகினதை ஏன் மாத்தணும்?" என்பார் முகாமையாளர். சோம்பேறித்தனத்துக்கு அவர் வைத்த பெயர் பழக்கம்.

பன்விலயிலிருந்து பாக்கியம் அம்மா மகளின் அடையாள அட்டை விண்ணப்பத்தோடு வந்தார். அட்டை இல்லாமல் பிள்ளை பரீட்சை எழுத முடியாது. நாங்கள் அச்சடித்துக் கொடுத்த படிவத்தில் பெயருக்குப் பதிலாக வெறும் கட்டங்கள். மேலிடத்தில் திருப்பிவிட்டார்கள். பெயரில்தான் பிழை, சத்தியக்கடதாசி கொண்டுவா என்று முகாமையாளர் அதட்டினார். கமலநாதன் எழுந்து வந்தார். "உங்க பேருல பிழையில்லம்மா, எங்க மெஷின்லதான் பிழை. கிராம அலுவலர்கிட்ட புதுக் கடிதம் மட்டும் வாங்கிட்டு வாங்க" என்றார். அன்றே தன் கணினியில் வேறு பிரவுசரை இறக்கினார்.

அனுமதியில்லாமல் மென்பொருள் போட்டார் என்று அவர்மேல் கடிதம் தயாரானது. சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவள் நான். வேலை போய்விடும் என்ற பயம். அதை நினைத்தால் இன்றும் என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அவரை ஃபைல் அறைக்கு மாற்றினார்கள், அவருடைய கணினியை எனக்குத் தந்தார்கள். புது பிரவுசரை அழிக்க முகாமையாளருக்குத் தெரியாததால் அது அப்படியே கிடந்தது.

அன்று மாலை பஸ்ஸுக்கு நிற்கும்போது கமலநாதன் என்னிடம் சொன்னார்: "போட்டது போட்டீங்க, விடுங்க. அந்த அம்மா வந்தா மட்டும் புதுசுலயே திறந்து குடுங்க." மறுவாரம் பாக்கியம் அம்மா வந்தார். முகாமையாளர் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பழையதைத்தான் திறந்தேன். மறுபடியும் கட்டங்கள், மறுபடியும் திருப்பிவிட்டார்கள். பிள்ளை அந்த முறை பரீட்சை எழுதவில்லை. கமலநாதனிடம் இதை நான் கடைசிவரை சொல்லவேயில்லை.

போன திங்கட்கிழமை வாசலில் உள்ள கணினித் திரையில் அவருக்கு அஞ்சலி போட்டார்கள். பழைய பிரவுசரில்தான். படத்துக்குக் கீழே பெயர் வரவேண்டிய இடத்தில் கட்டங்கள். முகாமையாளர் அதன்முன் கைகூப்பி நின்றார். அவர் கண்ணில் அது படவேயில்லை.

அந்த நேரத்தில் அடுத்த பரீட்சைக்காகப் பாக்கியம் அம்மா மறுபடி வந்தார். எல்லாரும் பார்க்க, புதியதைத் திறந்தேன். பிள்ளையின் பெயர் முழுதாகத் தாளில் வந்தது. அவர் அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "மெஷின்லதான் பிழைன்னு சொன்ன அந்த சேர் எங்க மிஸ்?" என்றார்.

வாசல் திரையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"படம் அவருதான். பேரு எங்க மிஸ்?"

கமலநாதனின் மூன்று கேள்விகளை நான் வைத்திருக்கிறேன். இந்தக் கேள்வியையும்.