குளிரில் சோர்ந்த துப்பாக்கி

என் தம்பி குனிஹிகோ வாரம் முழுவதும் வாய் திறப்பதே அபூர்வம். ஜப்பானில், சிபா நகரத்தில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் பெட்டி அடுக்குகிறான். ஒற்றை அறையில் தனியாக இருக்கிறான். அவன் உரக்கச் சொல்லும் ஒரே சொல் 'ஹிட்'. அதையும் ஞாயிற்றுக்கிழமை, மரங்களுக்கு நடுவே, பொம்மைத் துப்பாக்கிச் சண்டையில்தான் சொல்வான்.

பிளாஸ்டிக் குண்டு மேலே பட்டால் பட்டவரே கையைத் தூக்கி 'ஹிட்' என்று கத்திவிட்டு வெளியேற வேண்டும். பட்டும் சொல்லாதவரை ஜாம்பி, அதாவது செத்தும் நடமாடும் பிணம், என்பார்கள். ஆனால் எதிராளியைப் பார்த்து, உங்களுக்குப் பட்டது என்று சொல்வது அதைவிட அசிங்கம்.

குனியிடம் இருப்பது வாயுவில் இயங்கும் குட்டி ஷாட்கன். தோளில் தாங்கும் கட்டை இல்லாததால் முதுகுப்பையில் அடங்கிவிடும். முன்பிடியை இழுத்துத் தள்ளினால் ஒருமுறை சுடலாம். ஒரே சமயத்தில் மூன்று குண்டு பாயும். விசையை மாற்றினால் ஆறு. மற்றவர்கள் பேட்டரித் துப்பாக்கியில் மழையாகப் பொழியும்போது, இவன் பக்கத்தில் போகும்வரை பொறுத்திருந்து, இழுத்து இழுத்துச் சுடுவான். குளிரில் வாயு சோர்ந்துவிடும். அதனால் ஓய்வு நேரத்தில் வாயுக் குப்பியைக் கழற்றி உள்சட்டைக்குள் வைத்துக்கொள்வான். குளிர்காலத்தில் ஆறு குண்டு விசையைத் தொடவே மாட்டான். எங்கள் வீட்டில் இவ்வளவு நேர்த்தியான கை வேறு யாருக்கும் வாய்க்கவில்லை.

மைதானத்துக்குப் பேருந்து கிடையாது. அவனுக்குக் கார் ஓட்டத் தெரியாது, நான்தான் கொண்டுபோய் விடுவேன். ஏப்ரலில் என் கணவருக்கு வடக்கே வெகுதூரத்தில் உள்ள அகிதாவுக்கு மாற்றல், நானும் போகிறேன். வேறு யாராவது ஏற்றிக்கொள்ளாவிட்டால் அந்த ஒரு சொல்லும் நின்றுபோகும். அவனோ யாரிடமும் கேட்கமாட்டான்.

மொரிவாகி என்பவர் அங்கே வாடிக்கையாக வரும் குழுவின் தலைவர். கூரை ஓடு வேய்பவர். "உங்க தம்பிக்கு வாயே இல்லையா, துப்பாக்கிக்கு மட்டும்தான் இருக்கா?" என்று என்னைக் கேலி செய்வார்.

அந்த ஞாயிறு காலையில் லேசாகப் பனி விழுந்தது. நான் பாதுகாப்பு வலைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பீப்பாய்களுக்குப் பின்னால் மொரிவாகி குந்தியிருந்தார். குனி பின்பக்கமாக மிக அருகில் வந்து சுட்டான். குளிரில் சோர்ந்த குண்டுகள் வெள்ளைப் புள்ளிகளாகப் போய் அவருடைய தடித்த கோட்டில் முதுகுப்பக்கம் தொங்கிய தொப்பிக்குள் விழுந்தன. அவருக்குத் தெரியவே இல்லை. சத்தம் கேட்டுத் திரும்பி அவனைச் சுட்டார்.

"ஹிட்" என்று குனி கையைத் தூக்கினான்.

வெளியே வந்ததும், "நீதானேடா முதல்ல சுட்ட?" என்றேன்.

"அவருக்குப் படலக்கா."

"பட்டதை நான் பாத்தேன்."

"அதை அவர்தான் சொல்லணும். நீ வாயத் திறந்தா நான் இனிமே இங்க வரமாட்டேன்."

அவ்வளவு நீளமாக அவன் பேசி நான் கேட்டு வெகுநாளாகியிருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

மதியம் எல்லோரும் கறிச்சோறு சாப்பிட உட்கார்ந்தோம். மொரிவாகி கோட்டைக் கழற்றி உதறினார். தொப்பியிலிருந்து மூன்று குண்டுகள் மேசையில் விழுந்து உருண்டன. அன்று மூன்றாகச் சுடும் துப்பாக்கி அங்கே ஒன்றுதான். அவர் சிரிப்பு நின்றது. எழுந்து எங்கள் மேசைக்கு வந்து தலை குனிந்தார்.

"ஹிட். ரொம்ப லேட்டாச் சொல்றேன், மன்னிச்சுக்கங்க."

"தலைவரே, காலையிலேயே செத்துட்டு இப்ப ரெண்டாவது தட்டு சாப்பிடுறீங்களா?" என்றான் அவர் குழுவில் ஒருவன்.

மொரிவாகி எங்கள் எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார். வீடு எந்தப் பக்கம், எப்படி வருகிறீர்கள் என்று குனியிடம் கேட்டார். அக்கா காரில் என்று சொல்லிவிட்டு அவன் தட்டையே பார்த்தான். நான் குறுக்கே பேசாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"ஏப்ரல்லேருந்து வழியில்ல" என்றான் கடைசியில்.

"துப்பாக்கியும் குட்டி, ஆளும் ஒல்லி. எங்க வண்டியில பின்சீட்டு நடுவுல இடம் இருக்கு. இன்னைக்கே உக்காந்து பாருங்க."

மாலையில் குனி அவர்களோடு ஏறிக்கொண்டான். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தான். என் காரில், வழக்கமாக அவன் வாயுக் குப்பியைக் கையில் பொத்திக்கொண்டு உட்காரும் இடத்தில், என் கைப்பையை வைத்தேன். கூட இருந்தாலும் பேசமாட்டான்தான். பாலம் தாண்டியதும் வானொலியைப் போட்டேன்.